கடைசி விநாடியில் ஏலம் கேட்கும் யந்திரம்

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி ஒரு நண்பர் வசிக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்பவர். அவருடைய பாட்டனார் பொதட்டூர்ப்பேட்டையில் தறி நெய்தவர். சென்னையிலிருந்து துணி ஏற்றுமதி செய்த வியாபாரிகளுக்குக் கட்டம் போட்ட கைக்குட்டைகளும் கைலிகளும் நெய்து கொடுத்தவர். அக்காலத்தில் 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவின் கடற்கரை ஊர்கள்வரை சென்ற துணி அதுவே. தறி போய்விட்டது, பாட்டனாரும் போய்விட்டார். அவர் நெய்த கட்டங்களில் ஒரு முழத் துண்டுகூட அக்குடும்பத்தாரிடம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர், இணையத்தில் நடைபெறும் ஓர் ஏலத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் பழைய மெட்ராஸ் துணிகளின் மாதிரிப் புத்தகம் ஒன்றை விற்பனைக்கு வைத்திருப்பதைக் கண்டார். ஏலம் ஏழு நாள். முதல் நாளே நண்பர் 60 பவுன் வரை கேட்பதாகப் பதிந்துவிட்டார். ஆறு நாளும் அவரே முன்னிலையில் இருந்தார். இங்கிலாந்தில் இரவு ஒன்பது மணிக்கு ஏலம் முடியும். குளிர்காலமாதலால் நமக்கு அப்போது விடியற்காலை இரண்டரை மணி. கண் விழித்துக் காத்திருந்தார். முடிவதற்கு நான்கு விநாடி இருக்கையில் யாரோ ஒருவர் புகுந்தார். புத்தகம் 62 பவுனுக்கு அவரிடம் போய்விட்டது. நண்பர் மறுபடி விரலை வைப்பதற்குள் திரையில் 'ஏலம் முடிந்தது' என்று எழுத்து வந்துவிட்டது.

மறுநாள் மாலை என்னிடம் வந்து, "ஐயா, மனிதன் இப்படி நான்கு விநாடியில் கேட்க முடியுமா? ஏதோ யந்திரம் கேட்டிருக்கிறது என்கிறார்கள். மாதச் சந்தா கட்டினால் நமக்கும் அந்த யந்திரம் கிடைக்குமாம். நம்முடைய கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுக்க வேண்டுமாம். கொடுக்கலாமா?" என்று கேட்டார். அதே வாரத்தில் நம் சங்கத்துக் காரியதரிசி, சங்கத்தில் கிடக்கும் பழைய தறி உறுப்புகளையும் கழிவு நூலையும் இணைய ஏலத்தில் விற்பதற்கு ஷரத்துகள் எழுத வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார். ஒருவர் வாங்குகிறவர், மற்றவர் விற்கிறவர். இருவருடைய கேள்வியும் உண்மையில் ஒன்றே என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கிற்று. அங்கத்தினர்கள் பலர் இன்று கைபேசி வழியாகவே சரக்கு விற்கவும் வாங்கவும் தொடங்கியிருப்பதால், நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த யந்திரம் எத்தகையது என்று பார்ப்போம். அது நம் வீட்டில் வைக்கும் யந்திரம் அன்று. அயல்நாட்டில் எங்கோ ஓடும் ஒரு கணினி. 'ஈபே' என்னும் ஏல நிலையம் அமெரிக்காவில் 1995இல் தொடங்கியது. அங்கே ஏலம் குறித்த விநாடியில் முடிந்துவிடும், ஒரு விநாடியும் நீளாது. இதைக் கண்ட சிலர், 'உமக்குப் பதிலாகக் கடைசி விநாடியில் நாங்கள் கேட்கிறோம்' என்று தொழில் தொடங்கினர். 1999இல் தோன்றிய 'ஈஸ்னைப்' அவற்றுள் முந்தியவற்றில் ஒன்று. 'கிக்சன்' போன்றவை பின்னர் வந்தன. சில, வென்ற விலையில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கூலி வாங்கின. சில இலவசமாகவே செய்கின்றன. எந்தப் பொருள், எவ்வளவு வரை கேட்பது, முடிவதற்கு எத்தனை விநாடி முன்னால் கேட்பது என்பவற்றை நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தக் கணினி ஏல நிலையத்தின் கடிகாரத்தோடு தன் கடிகாரத்தை ஒட்டவைத்துக்கொண்டு, ஐந்தாறு விநாடி இருக்கும்போது நம் பெயரால் உள்ளே நுழைந்து கேட்டுவிடும். நாம் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குள் விலை நாம் எழுதியதைத் தாண்டிவிட்டால் அது கேளாமல் விட்டுவிடும்.

இச்செயலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் நாட்டு வயல்வெளியில் பிறந்ததென்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏரிக்கரைச் சேற்றிலும் நெல் வயல்களிலும் குளிர்காலத்தில் வந்து இறங்கும் உள்ளான் குருவிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்னைப்' என்று பெயர். எழும்பினால் கோணல் மாணலாகப் பறக்கும். சுடுவது மிகக் கடினம். 1770களில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் அதனை வேட்டையாடச் சென்றதைத் தங்கள் கடிதங்களில் எழுதிய சொல்லே, பின்னர் மறைந்திருந்து சுடுபவனுக்கும், அதற்கும் பின்னர் மறைந்திருந்து ஏலம் கேட்பவனுக்கும் பெயராயிற்று.

பெயர் புதிது போலத் தோன்றினாலும் வித்தை பழையது. இலண்டனில் பதினேழாம் நூற்றாண்டில் மெழுகுவத்தி ஏலம் என்று ஒன்று நடந்துவந்தது. ஓர் அங்குல நீளமுள்ள மெழுகுவத்தியை ஏற்றிவைப்பார்கள். அது எரியும்வரை யாரும் விலை கூறலாம். சுடர் அணையும் கணத்தில் கடைசியாகக் கூறியவருக்குச் சரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியார் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோன துணிகளை அங்கே விற்ற காலத்தில் இம்முறையையும் கைக்கொண்டிருந்தனர். ஆக, நம் முன்னோர் நெய்த துணிக்கே மெழுகுவத்தி வெளிச்சத்தில் விலை முடிந்திருக்கிறது. அந்நாட்டுக் கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1662 செப்டம்பரில் பழைய கப்பல்கள் சில இவ்வாறு ஏலம் போனதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக அணையும் நொடியில் கூவி வென்றாராம். எப்படி என்று விசாரித்தபோது, சுடர் அணையப்போகும் நொடியில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக்கொண்டிருந்து கூவுவேன் என்றாராம். இன்று கணினி செய்வதை அவர் கண்ணால் செய்திருக்கிறார்.

இனி நண்பரின் நட்டத்திற்கு வருவோம். அவரை நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அந்தப் புத்தகத்திற்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுத்திருப்பீர்?" சற்று யோசித்து, "90 பவுன் வரை கொடுத்திருப்பேன்" என்றார். பின் ஏன் 60 என்று எழுதினார்? "மெல்ல ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்" என்றார். தவறு அங்கேயே இருந்தது. யந்திரத்தின்மேல் பழி போடுவது அதற்கு அப்புறம்தான்.

அந்த ஏல நிலையத்தின் ஒழுங்கு நம் ஊர் ஏலத்தைப் போன்றதன்று. நாம் எழுதும் தொகை நாம் கொடுக்கும் விலை அன்று. அது நம் எல்லை. அதை நிலையம் இரகசியமாக வைத்துக்கொண்டு, நம் பெயரால் தேவையான அளவுக்கு மட்டுமே ஏற்றிக்கொண்டு போகும். முடிவில் அதிக எல்லை எழுதியவருக்குப் பொருள். அவர் கொடுப்பதோ, அவருக்கு அடுத்தவர் எழுதிய எல்லைக்கு ஒரு படி மேற்பட்ட தொகை. நண்பர் 60 எழுதினார். வந்தவர் எவ்வளவு எழுதினார் என்பது நமக்குத் தெரியாது. அந்த விலைக்கு ஒரு படி 2 பவுன். ஆகவே 62இல் முடிந்தது. நண்பர் முதல் நாளே 90 எழுதியிருந்து, கடைசி விநாடிக்காரர் 80 எழுதியிருந்தால், யந்திரம் எத்தனை வேகமாக வந்தாலும் புத்தகம் நண்பருக்கே, விலை 82. அவர் 100 எழுதியிருந்தால் நண்பருக்குக் கிடைத்திராது. அப்போதும் வருந்த இடமில்லை, ஏனெனில் 90க்கு மேல் தர அவருக்கு மனமில்லை. அடுத்தவர் எல்லைக்கு நாம் பணம் கொடுக்கும் இவ்வகை ஏலத்தில், தன் மனத்தில் உள்ள உண்மை மதிப்பை எழுதுவதே ஒருவனுக்கு மிகச் சிறந்த வழி என்பதைக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர் வில்லியம் விக்ரி 1961இலேயே கணக்கிட்டுக் காட்டினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு மூன்றே நாளில் அவர் காலமானார்.

அப்படியானால் அந்த யந்திரத்தால் பயனே இல்லையா என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். பயன் உண்டு. ஆனால் அது எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏலத்திற்கு வருகிறவர்கள் எல்லாரும் விக்ரியின் புத்தகம் படித்தவர்கள் அல்லர். பெரும்பாலோர் நண்பரைப் போலவே கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றுகிறவர்கள். எதிரில் ஒருவன் ஒரு பவுன் ஏற்றினால் இவர்களுக்கும் ரோஷம் வந்து இரண்டு பவுன் ஏற்றுவார்கள். முதல் நாளிலேயே நாம் கேட்டால், இவர்களை ஏழு நாள் தூண்டிவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். கடைசி விநாடியில் கேட்டால் அவர்களுக்கு ரோஷப்பட நேரமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. விற்கிறவனே தன் ஆளை விட்டுப் போலியாகக் கேட்கச் செய்து, நம் எல்லை எதுவரை என்று துழாவிப் பார்ப்பது எல்லா நாட்டு ஏலத்திலும் உள்ள தீமை. கடைசிவரை மௌனமாக இருப்பவனைத் துழாவ முடியாது.

மூன்றாவது காரணம் நம் நெசவாளர்களுக்கு எளிதில் விளங்கும். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இந்தக் கடைசி நேரக் கேள்விகளை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கணினிச் சாமான் ஏலங்களைவிடப் பழம்பொருள் ஏலங்களில்தான் கடைசி நேரக் கூட்டம் மிகுதி என்று கண்டனர். பழம்பொருளின் மதிப்பு விஷயம் தெரிந்தவருக்கே தெரியும். தெரிந்தவர் முன்னதாகவே கேட்டுவிட்டால், 'இவரே கேட்கிறாரென்றால் இதில் ஏதோ இருக்கிறது' என்று தெரியாதவரும் பின்தொடர்வார்கள். மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கத் தெரிந்த கிழவர் எந்த மாட்டின் அருகில் நிற்கிறார் என்று பார்த்துப் பத்துப் பேர் அங்கே கூடுவதில்லையா? அந்தக் கிழவர் கெட்டிக்காரராயின் மாட்டைப் பாராதது போலவே நடந்துபோய், சந்தை கலையும் நேரத்தில் துண்டைப் போட்டு விரலைப் பிடிப்பார். நண்பரும் துணியின் பாவு ஊடை அறிந்தவர். ஆறு நாள் முன்னிலையில் நின்று அவர் தாமே அந்தப் புத்தகத்திற்கு விளம்பரம் செய்துவிட்டார்.

அந்த அறிஞர்கள் செய்த ஒப்புநோக்கு இன்னும் சுவையானது. 1999இல் அமேசான் நிறுவனமும் ஓர் ஏல நிலையம் தொடங்கியிருந்தது. அங்கே ஒரு வேற்றுமை: முடியும் தறுவாயில் யாரேனும் கேட்டால் ஏலம் தானாகவே நீளும்; பத்து நிமிடம் எவரும் கேளாமல் இருந்தால்தான் முடியும். ஈபேயில் பழம்பொருள் ஏலங்களில் நூற்றுக்கு 59இலும், கணினி ஏலங்களில் நூற்றுக்கு 40இலும் கடைசிக் கேள்வி இறுதி ஐந்து நிமிடங்களில் வந்தது. அமேசானில் நூற்றுக்கு 3 அளவே. பொருள்களின் வகை ஒன்றே. கேட்கிறவர்களும் ஒத்த மக்களே. முடிவு விதி ஒன்று மாறியதால் மனிதர்களின் நடத்தை இவ்வளவு மாறிவிட்டது. அமேசானின் அந்த ஏல நிலையம் நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. ராத் அவர்களுக்குச் சந்தைகளை அமைக்கும் முறை பற்றிய ஆராய்ச்சிக்காக 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கணக்கைப் படித்தபோதுதான் காரியதரிசியின் கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது. அமேசான் கண்டுபிடித்ததாகச் சொல்லும் அந்த விதி நமக்குப் புதிதா? புளியமரக் குத்தகையோ, ஏரி மீனோ, கோவில் தேங்காயோ ஏலம் விடுகிறவர் என்ன செய்கிறார்? "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று இழுக்கிறார். மூன்றாம் தரம் சொல்லுமுன் எவரேனும் வாய் திறந்தால் மறுபடியும் ஒரு தரத்திலிருந்து தொடங்குகிறார். அவருக்குக் கடிகாரம் கிடையாது. கேட்பவர்கள் ஓய்ந்தார்களா என்பதே அவருடைய கடிகாரம். அவர் முன்னால் கடைசி விநாடி என்று ஒன்று இல்லாதபடியால், அதில் ஒளிந்துகொள்ள யாராலும் முடியாது. விற்கிறவனுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. இணைய ஏலத்திற்குப் போகிறவர்கள் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, இந்த மூன்று தரத்தை மறந்துவிட்டால் நட்டம் விற்பவருக்கே.

நம் நாட்டில் அரசினர் தொடர்பான இணைய ஏலங்கள் பெரும்பாலும் இதனை மறக்கவில்லை. 1964இல் பழைய இரும்பு வாணிபத்திற்கென நிறுவப்பட்ட எம்.எஸ்.டி.சி. நிறுவனம் இன்று பாதுகாப்புத் துறைக் கழிவுகள் முதலாகப் பல பொருள்களை இணையத்தில் ஏலம் விடுகிறது. ஆவடி, அம்பத்தூர்ப் பழைய இரும்பு வியாபாரிகளுக்கு இது நன்கு தெரியும். கடைசிச் சில நிமிடங்களில் கேள்வி வந்தால் ஏலம் அத்தனை நிமிடம் நீளும் என்பது அங்கே வழக்கமான ஷரத்து. கடன் பாக்கிக்காக வங்கிகள் வீடு நிலங்களை விடும் ஏலங்களிலும் இப்படியே. அரசினர் கொள்முதல் நிலையமான 'ஜெம்' 2016இல் தொடங்கியது. அங்கே நடக்கும் தலைகீழ் ஏலத்தில், அதாவது விலையைக் குறைத்துக்கொண்டே போகும் ஏலத்தில், போர்வையும் துண்டும் விற்க நம் சங்கங்களும் கலந்துகொள்ளலாம். அங்கும் முடிவு நேரத்தில் விலை குறைந்தால் நேரம் நீட்டப்படும். இத்தகைய இடங்களில் கடைசி விநாடி யந்திரத்துக்குச் சந்தா கட்டுவது, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவதற்கு ஒப்பாகும்.

விவசாயிகளின் சரக்கு விற்பனை இதிலிருந்து வேறுபட்டது. நம் மாகாணத்தில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் தோன்றின. முதற்கூடம் பருத்திக்காகத் திருப்பூரில் 1936இல் அமைந்தது. துண்டுக்குள் விரல் பிடித்துத் தரகர் பேசிய விலையிலிருந்து விவசாயியைக் காப்பதே அதன் நோக்கம். இன்று பருத்தி, மஞ்சள், எள் முதலியவற்றுக்குக் கூடங்களிலும் திருச்செங்கோடு போன்ற இடங்களின் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களிலும் மறைமுக ஏலம் நடைபெறுவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். வியாபாரி குவியலைப் பார்க்கிறான். சீட்டில் விலையை எழுதிப் போடுகிறான். நேரம் ஆனதும் திறக்கிறார்கள். சிந்தித்துப் பார்த்தால், எல்லாரும் கடைசி விநாடியில் யந்திரத்தால் கேட்கும் இணைய ஏலமும் இந்தச் சீட்டு ஏலமும் ஒன்றே. யாரும் யாருடைய விலையையும் பார்ப்பதில்லை. எல்லாரும் ஒரே முறை எழுதுகிறார்கள். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. சீட்டில் எழுதியவன் தான் எழுதியதையே கொடுக்க வேண்டும். அடுத்தவன் எழுதியதை அன்று. ஆகையால் வியாபாரி தன் உண்மை மதிப்பை எழுதமாட்டான். சற்றுக் குறைத்தே எழுதுவான். நண்பருக்கு நான் சொன்ன 'உள்ளதை எழுது' என்ற யோசனையை இங்கே கேட்கிறவன் கைப்பொருளை இழப்பான்.

கர்நாடக மாநிலத்தின் இணையச் சந்தையில் இது பற்றி ஒரு முயற்சி நடந்தது. அங்குள்ள விற்பனைக் கூடங்கள் 2014 முதல் ஒரே இணைய நிலையத்தில் சேர்க்கப்பட்டுவந்தன. சீட்டு முறையையே கணினியில் செய்தனர். பின்னர் 2019இல் ஒரு சந்தையில், முதற்சுற்றில் உயர்ந்த விலை எழுதிய சிலருக்கு மட்டும் இரண்டாம் சுற்று ஒன்று வைத்து, விலையை உயர்த்தச் சிறிது நேரம் கொடுத்தார்கள். விவசாயிகளுக்குக் கிடைத்த விலை கூடிற்று என்பது அதனை ஆராய்ந்தோர் கண்ட முடிவு. கூடுதல் நூற்றுக்குச் சில பங்கே. ஆனால் விவசாயியின் இலாபமே மெலிந்த நூலாக இருக்கும்போது அந்தச் சில பங்கு மிகப் பெரியது. 2016 ஏப்ரல் 14இல் தொடங்கிய தேசிய மின்னணு வேளாண் சந்தையில் நம் விற்பனைக் கூடங்களும் சேர்ந்துவருவதால், முடிவு விதி என்ன என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. நீலகிரிச் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகள் குன்னூர்த் தேயிலை ஏலத்தை நம்பியிருப்பவை. போடிநாயக்கனூரில் ஏலக்காய் கணினி முன் உட்கார்ந்த வியாபாரிகளின் விரல் நுனியில் விலைபோகிறது. இவ்விடங்களிலெல்லாம் நிமிடக் கணக்கை யார் எழுதினார் என்பது விலையைவிடச் சிறிய விஷயம் அன்று.

ஆனாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. வியாபாரிகள் மூவர் தேநீர்க்கடையில் முன்னதாகவே பேசிவைத்துக்கொண்டு வந்தால், மெழுகுவத்தியும் பயனில்லை. மூன்று தரமும் பயனில்லை. பத்து நிமிட நீட்டிப்பும் பயனில்லை. அந்நோய்க்கு மருந்து, வெளியூர்க்காரர் நாலு பேரைக் கூட்டி வருவதும், குறைந்தபட்ச விலையை முன்பே நிர்ணயித்து அதற்குக் கீழ் கொடுப்பதில்லை என்று உறுதியாக நிற்பதுமே. நிற்பதற்குச் சங்கத்திடம் கிடங்கும் ஈட்டுக் கடனும் வேண்டும். முடிவு விதியைப் பற்றி இவ்வளவு எழுதிய நானே, இவ்விரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், கிடங்கைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கடவுச்சொல் விஷயத்திற்கு வருகிறேன். கடைசி விநாடி நிறுவனம் நம் பெயரால் ஏல நிலையத்துக்குள் நுழைய வேண்டுமாகையால் நம் சாவியைக் கேட்கிறது. ஈபே நிலையம் கடைசி விநாடியில் கேட்பதைத் தடை செய்யவில்லை. அது விதிக்கு உட்பட்டதே. ஆனால் பெட்டிச் சாவியை அயலாரிடம் கொடுத்தபின் பெட்டியில் என்ன குறைந்தாலும் நம்மால் கணக்குக் கேட்க முடியாது. எனவே கொடுத்தே தீர வேண்டுமாயின், அந்தக் கடவுச்சொல் வேறெங்கும், முக்கியமாக வங்கிக் கணக்கிலோ மின்னஞ்சலிலோ, பயன்படுவதாக இருக்கலாகாது. காரியம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். அரசினர் ஏலங்களுக்கும் ஒப்பந்தப் புள்ளிகளுக்கும் சங்கத்தின் பெயரால் வாங்கிய மின்னணுக் கையொப்பக் குச்சியையோ, அதன் இரகசிய எண்ணையோ எந்தத் தரகரிடமும் எக்காரணம் கொண்டும் கொடுக்கக்கூடாது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்தத் திறவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக் காக்கும் பொறுப்பை அதன் சொந்தக்காரர்மீதே சுமத்துகிறது. 'எங்கள் கணினிக்காரப் பையன் வைத்திருந்தான்' என்று பின்னால் சொல்வது பதிலாகாது.

யந்திரமும் தவறும். இணைப்பு அறுந்தாலும், கடைசி விநாடியில் நெரிசல் ஏற்பட்டாலும், நம் கேள்வி போய்ச் சேர்வதற்குள் கதவு மூடிவிடும். கடைசி நேரத்தில் கேட்பவர்களை மேற்சொன்ன அறிஞர்கள் விசாரித்தபோது, ஒரு முறையேனும் இப்படித் தவறவிட்டதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். மேலும், தூங்கும்போது யந்திரம் வாங்கிவிட்டாலும் பணம் விழித்திருந்து நாம்தான் கட்ட வேண்டும். அயல்நாட்டுப் பொருளாயின் அஞ்சற்கூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்தே எல்லை எழுத வேண்டும். வங்கி ஏலத்தில் வீடு கேட்டு வென்றவர் அன்றே அல்லது அடுத்த வேலைநாளுக்குள் விலையில் காற்பங்கு கட்டவேண்டும். மீதியை, விற்பனை உறுதியான பதினைந்து நாளுக்குள் அல்லது எழுத்து மூலம் நீட்டிக் கொடுத்த கெடுவுக்குள் கட்டவேண்டும். தவறினால் கட்டியது போய்விடும். ஏல மும்முரத்தில் எழுதிய எண்ணுக்கு அங்கே இரக்கம் கிடையாது.

நம் நாட்டிற்கென்றே இருந்த பொது ஏல நிலையத்தின் கதையையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 2000இல் தொடங்கிய 'பாசி' என்னும் நிலையத்தை 2004இல் ஈபே வாங்கிற்று. 2017இல் அது ஃபிளிப்கார்ட் வசம் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆகவே இப்போது நண்பரைப் போன்றவர்கள் தேடுவது பெரும்பாலும் அயல்நாட்டு நிலையங்களில்தான். ஏலம் முடிவதும் நாம் உறங்கும் நேரத்தில்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே யந்திரத்தை நான் முற்றிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை கடைசல் பட்டறையில் நிற்க வேண்டியவன் விடியற்காலை இரண்டரை மணிவரை விழித்திருப்பது 62 பவுனைவிடப் பெரிய செலவு.

சங்கத்தின் ஏலத்திற்குக் காரியதரிசியும் நானும் எழுதிய ஷரத்து இது: 'குறித்த நேரத்திற்கு முன் ஐந்து நிமிடத்திற்குள் உயர்ந்த கேள்வி வருமாயின், அக்கேள்வி வந்த நேரத்திலிருந்து ஐந்து நிமிடம் ஏலம் நீடிக்கும், இவ்வாறு கேள்வி ஓயும்வரை நீடித்துக்கொண்டே போகும்.' நிர்வாகக் குழுவில் ஒருவர், "இப்படி இரவு வரை போய்க்கொண்டே இருந்தால்?" என்று ஆட்சேபித்தார். போகட்டும் என்றார் காரியதரிசி. பகல் பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய கழிவு நூல் பன்னிரண்டே முக்கால் வரை இழுத்தது. தறி உறுப்புகளுக்கோ ஒருவர் கேட்டதோடு சரி. நீட்டிப்பதற்கு ஆளே வரவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அதே இங்கிலாந்து வியாபாரி, வேறொரு மாதிரிப் புத்தகத்திலிருந்து கழன்ற எட்டுத் தாள்களை ஏலத்திற்கு வைத்தார். நண்பர் இம்முறை ஏல நிலையத்துக்கெனத் தனியே ஒரு கடவுச்சொல் வைத்துக்கொண்டார். அஞ்சற்கூலியும் வரியும் கழித்துப் பார்த்து, 85 பவுன் என்று ஒரு காகிதத்தில் எழுதி என்னிடம் காட்டினார். அதையே கடைசி விநாடி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் படுத்துவிட்டார். ஆறு விநாடி இருக்கையில் யந்திரம் கேட்டது. 54 பவுனுக்கு முடிந்தது. தாள்கள் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அவற்றில் நான்காம் தாளில் ஒட்டியிருந்த சிவப்பும் நீலமுமான கட்டத்தைப் பார்த்துவிட்டு அவருடைய வயதான அத்தை, "இது நம் தறியில் ஓடிய கட்டம்தான்" என்று சொல்லிவிட்டார். பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள முடியாது என்று நான் சொன்னேன். அத்தைக்கு என்மேல் இன்னும் கோபம்.